அன்புள்ள கேஸ் ஷீட்டுக்கு

கேஸ் ஷீட்டே, திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா எழுதுவது. நீ ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் கரையான் அண்டாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை மனுநாள் வந்தால் என் கடையில் நிற்க இடமிருக்காது. பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று இந்த மாவட்டத்துச் சனங்களின் பாதி வாழ்க்கை என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கிறது. அதில் எந்தக் காகிதத்துக்கும் நான் நன்றி சொன்னதில்லை. காகிதம் என்றாலே எனக்கு அலைச்சல், முத்திரை, 'நாளைக்கு வாங்க'. என் தம்பியின் கேஸ் ஷீட்டான உன்னைப் பிரதி எடுத்த அன்றுதான் கை தானாக நின்றது. ஒவ்வொரு தாளையும் கண்ணாடியில் வைப்பதற்கு முன் படித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன். உன் பிரதி இப்போது பீரோவின் மேல்தட்டில், நிலப்பத்திரத்துக்குப் பக்கத்தில், மஞ்சப்பையில் இருக்கிறது.

கேஸ் ஷீட்டே, உன் முதல் தாளை எழுதியது டாக்டர் அல்ல, 108 வண்டியில் வந்த பெண். மாசி, பங்குனி எங்கள் பக்கத்தில் புளி உலுக்கும் காலம். செங்கம் ரோட்டோர மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்து உலுக்கி, பொறுக்கி, ஓடு தட்டி விற்பது என் தம்பியின் தொழில். ஆள் வராத நாளில் அவனே ஏறுவான். புளியங்கொம்பைப் பிடித்தவனுக்குப் பயமில்லை என்பார்கள். அன்று கொம்பு ஒடியவும் இல்லை, கால்தான் வழுக்கியது. தலைதான் முதலில் தரையில் பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கேட்டது, "அக்கா, காலு எங்க இருக்குன்னே தெரியல, பாரு" என்று. சுற்றி நின்றவர்களில் ஒருவர் சோடா வாங்கி வந்திருந்தார். ஒருவர் கைத்தாங்கலாக உட்கார வைக்கலாம் என்றார். இன்னொருவர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்று வண்டி பிடிக்கப் போயிருந்தார். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தையெல்லாம் அந்தப் பெண் ஒரே அதட்டலில் நிறுத்தினார். கழுத்துக்குக் கெட்டிக் காலர், முதுகுக்குப் பலகை, தலைக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய போர்வை, நெற்றியில் ஒரு பட்டை. தலையை அவர் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் கழுத்தும் முதுகும் திருகாமல் உடம்பை ஒரே கட்டைபோலப் புரட்டிப் பலகையில் ஏற்றினார்கள். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து எழுதினார்: நேரம், பிரஷர் 90க்கு 60, நாடி 54, இரண்டு காலிலும் அசைவில்லை.

கேஸ் ஷீட்டே, அந்த 54 என்ற எண்ணைச் சுற்றி கேஷுவல்டி டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். ஏனென்று மேல்படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டர் பிற்பாடு எனக்குச் சொன்னார். ரத்தம் போய் பிரஷர் இறங்கினால் நாடி வேகமாக ஓடும். இங்கே பிரஷரும் குறைவு, நாடியும் மந்தம். இதயத்தை முடுக்கும், ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் உத்தரவுகள் கழுத்துத் தண்டுவடத்தின் வழியாகத்தான் இறங்குகின்றன. அந்த வழி அடைபட்டால் இப்படி ஆகும். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேனும் பார்த்தார்கள், அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் கழுத்தைப் பார் என்று சொன்னது ஓடுகிற வண்டியில் எழுதிய அந்த எண்தான். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. உன்னில் இருப்பது ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும்.

என் அருமைக் காகிதமே, உன்னோடு சேர்த்துத் தைத்திருந்த ஏ.ஆர். காப்பிக்கும், அதாவது விபத்துப் பதிவேட்டின் பிரதிக்கும், நான் கடன்பட்டிருக்கிறேன். 'புளியமரத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது, அழைத்து வந்தவர் அக்கா, நினைவு தெளிவு, மது வாடை இல்லை.' கூறப்படுகிறது என்று எழுதுவது வழக்கம்தானாம். டாக்டர் நம்பவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை, காதில் விழுந்ததைப் பதிந்துவிட்டார். ஊர் அப்படியா? தண்ணி போட்டுவிட்டு ஏறினான் என்று ஒரு கதை, குத்தகைத் தகராறில் யாரோ தள்ளிவிட்டார்கள் என்று ஒரு கதை. தள்ளிவிட்ட கதையை விட தண்ணி போட்ட கதைக்குத்தான் அம்மா அதிகம் அழுதாள். அந்தத் தாளை மட்டும் தனியாக ஒரு பிரதி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு அந்தக் கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்வாள்.

கேஸ் ஷீட்டே, உன் பக்கங்களிலேயே நான் அதிகம் தடவிப் பார்த்தது ஒரு சின்ன வரியைத்தான். முதலில் எடுத்த கழுத்துப் படத்தில் ஐந்து எலும்பு வரைதான் தெரிந்தது. தம்பி மூட்டை தூக்கி வளர்ந்தவன், தோள் அகலம். அதன் நிழல் மிச்சத்தை மறைத்துவிட்டது. தெரிந்த ஐந்தும் ஒழுங்காக வரிசையில் நின்றன. பார்த்தவர் 'எலும்பு முறிவு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் எழுதியது: 'ஆறாவது, ஏழாவது எலும்புகள் படத்தில் தெரியவில்லை. கழுத்து சரியென்று சொல்ல இயலாது. திரும்ப எடுக்கவும்.' பக்கவாட்டுப் படத்தில் ஏழு கழுத்து எலும்புகளும் எண்ணிப் பார்க்க வேண்டும், ஏழாவது எலும்பு முதுகின் முதல் எலும்பைத் தொடும் இடம் வரை தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது படமே இல்லை என்பது அந்தத் துறையின் பாலபாடமாம். பாலபாடத்தை ராத்திரி நேரத்தில், வாசலில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையில் நிற்கும்போது கடைப்பிடிக்க ஒரு மனசு வேண்டும். தெரிந்ததை எழுதுகிறவர்கள் நிறைய. தெரியாததை 'தெரியவில்லை' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போடுகிறவரை, இத்தனை வருடம் ஆபீஸ் காகிதங்களோடு புழங்கியும் நான் அதிகம் பார்த்ததில்லை.

கேஸ் ஷீட்டே, இரண்டாவது படத்துக்கு இரண்டு கைகளையும் கால்மாட்டுப் பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தோள் இறங்கியது, எலும்பு தெரிந்தது. ஆறாவது எலும்பு ஏழாவதின் மேல் பாதி அகலத்துக்கு முன்னால் நகர்ந்து நின்றிருந்தது. சி.டி. ஸ்கேனும் அதையே சொன்னது. கழுத்து எலும்புகளின் பின்பக்க மூட்டுகள் கூரையில் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கும் என்று அந்தப் பி.ஜி. டாக்டர் என் கடை ரசீதின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். மேல் ஓடு கீழ் ஓட்டைத் தாண்டி முன்னால் குதித்துவிட்டால் தானாகத் திரும்பாது, மாட்டிக்கொள்ளும். ஒரு பக்க மூட்டு மட்டும் குதித்தால் எலும்பு கால்வாசி நகரும். இரண்டு பக்கமும் குதித்தால் பாதி. நடுவில் ஓடும் தண்டுவடம் நசுங்கும். எக்ஸ்ரே படத்தை என் மெஷினில் பிரதி எடுக்க முடியாது, கறுப்பாகத்தான் வரும். கடை டியூப்லைட்டில் பிடித்துப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பாதி அகலம் இன்றைக்கும் பார்த்தால் என் கழுத்தில்தான் வலிக்கிறது.

கேஸ் ஷீட்டே, இனி சொல்லப்போவது வெட்கப்படும் இடம்; உன்னிடம் என்ன வெட்கம். உன் நடுவில் ஒரு மனித உருவம் அச்சிட்ட தாள் இருக்கிறது, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அமெரிக்க முதுகுத்தண்டுக் காயச் சங்கம் 1982இல் முதலில் வெளியிட்ட அளவுகோல் பல தடவை திருத்தப்பட்டு இப்போது உலகம் முழுக்கப் புழங்குகிறதாம். உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் பஞ்சால் தொட வேண்டும், ஊசி முனையால் குத்த வேண்டும். தெரியாவிட்டால் 0, மங்கலாகத் தெரிந்தால் 1, நன்றாகத் தெரிந்தால் 2. கையிலும் காலிலுமாக ஒரு பக்கத்துக்கு 10 தசைகள், ஒவ்வொன்றுக்கும் 5 வரை மதிப்பெண், மொத்தம் 100. பி.ஜி. டாக்டர் தம்பியின் தலைமாட்டிலிருந்து தொடங்கினார். முழங்கையை மடக்கினான். மணிக்கட்டைத் தூக்கினான். முழங்கையை நீட்டச் சொன்னபோது தசை லேசாகத் துடித்தது, கை நீளவில்லை. விரல் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே எங்கே கேட்டாலும் இல்லை, இல்லை. காலில் மொத்தமும் பூஜ்யம். அதோடு நிறுத்தாமல், திரையை இழுத்துவிட்டு, ஆசனவாயைச் சுற்றி ஊசி முனையால் தொட்டிருக்கிறார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் தம்பியின் குரல் விழுந்தது: "சார், குத்துது சார்."

அந்த ஒரு வார்த்தையை நீ வாங்கி வைத்துக்கொண்டாயே, கேஸ் ஷீட்டே. கட்டத்தில் 2 என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. தண்டுவடத்துக்குள் அந்த இடத்தின் உணர்வு நரம்புகள் ஓரமாக ஓடுகின்றன. நடுப்பகுதி நசுங்கினாலும் சில சமயம் ஓரம் தப்பிக்கும். அங்கே உணர்வு இருக்கிறது என்றால் தண்டுவடம் முழுசாக அறுபடவில்லை என்று அர்த்தம். அங்கேயும் இல்லையென்றால் 'ஏ' என்ற வகை. இருக்கிறது, ஆனால் அசைவு இல்லை என்றால் 'பி'. ஏ-க்கும் பி-க்கும் நடுவில் என் தம்பியின் வீடு, வாசல், குழந்தைகள் எல்லாம் இருந்தது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மொத்த மதிப்பெண் 22. "பத்தாவதுல கணக்குல வாங்குனதும் இதேதான்" என்று அவன் பிற்பாடு சொல்லிச் சிரித்தான்.

கேஸ் ஷீட்டே, அந்த இரவின் அட்டவணையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காதுக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, மண்டையோட்டில் இடுக்கி மாட்டினார்கள். மண்டையோட்டைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும் இந்த முறையை அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் கிரட்ச்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர் 1933இல் எழுதி வெளியிட்டார். அவர் எழுதியதும் ஒரே ஒரு நோயாளியின் குறிப்புதான். இடுக்கியில் கயிறு, கயிற்றில் கப்பி, கப்பியில் எடைக்கல். தம்பிக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை; முழித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேச வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்காமல் ஏன் இப்போதே இழுக்கிறோம் என்பதற்கும் உன்னில் நாலு வரி இருக்கிறது. எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை அமுக்கிவிடுமோ என்ற பயம் உண்டு. நோயாளி விழித்திருந்து ஒவ்வொரு நிமிடமும் பதில் சொன்னால் அந்த ஆபத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம். காத்திருக்கும் நேரமும் நரம்புக்கு நஷ்டம். இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதி, எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் எழுதி, பேராசிரியரிடம் போனில் கேட்ட நேரத்தையும் எழுதியிருக்கிறார்கள். பிறகு நாலு கட்டம்: நேரம், எடை, படம், கை கால். நாலரைக் கிலோவில் தொடங்குகிறது. எடை கொஞ்சம் ஏறும், படம் எடுப்பார்கள், "விரல் மரக்குதா? புதுசா ஏதாவது தெரியுதா?" என்று கேட்பார்கள், எழுதுவார்கள். மறுபடி எடை. வரிக்கு வரி கையெழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறது, தூக்கக் கலக்கம்போல. 18 கிலோ என்ற வரியில் திடீரென்று பெரிதாகிறது. கழுத்துக்குள் 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்டதாகத் தம்பி சொன்னான். எலும்பு வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள். உடனே எடையைக் குறைத்து, மறுபடியும் அந்த 28 இடங்கள், அந்த 10 தசைகள். அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. அதன் பிறகு கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, கிழிந்த ஜவ்வை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு வைத்து, தகடும் திருகாணியும் போட்டார்கள். ஆபரேஷன் குறிப்பு என்னவோ ஒன்றரைப் பக்கம்தான். எனக்கு அந்த எடைக்கல் அட்டவணைதான் பெரிசு.

என் கேஸ் ஷீட்டே, உனக்கு ஒரு பாட்டன் இருக்கிறார் தெரியுமா? 1862இல் எகிப்தின் லக்சர் ஊரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். சுமார் 3600 வருடத்துக்கு முந்தையது. அதுவும் அதைவிடப் பழைய ஏட்டைப் பார்த்து எழுதிய பிரதி. என் தொழில்காரன் ஒருவன் அன்றைக்கே இருந்திருக்கிறான். 1930இல் ஜேம்ஸ் ஹென்றி ப்ரெஸ்டட் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். மொத்தம் 48 நோயாளிகள், தலையில் தொடங்கிக் கீழே வரிசையாக. 31ஆவது ஆளுக்குக் கழுத்தெலும்பு நகர்ந்திருக்கிறது. தன் கைகளையும் கால்களையும் அவன் அறியவில்லை, சிறுநீர் அவனை அறியாமல் சொட்டுகிறது என்று அந்த வைத்தியர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார். 33ஆவது ஆள் தலைகீழாக விழுந்து, ஒரு எலும்பு அடுத்ததற்குள் நசுங்கியவன். இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு: வைத்தியம் செய்ய முடியாத நோய். முடியாது என்று தெரிந்தும் தொட்டுப் பார்த்து எழுதி வைத்தாரே, அந்த மனுஷரை நினைத்துக் கடையில் உட்கார்ந்து நான் கும்பிட்டேன். எங்கள் திருவண்ணாமலைப் பெரிய கோயில் விளக்குக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரி நான். எழுதி வைப்பதன் அருமை எனக்குத் தெரியும். பிரதி எடுத்தவன் மட்டும் 48ஆவது ஆளிடம் வந்து பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போயிருக்கும்.

கேஸ் ஷீட்டே, உன்னில் எழுதாமல் விட்ட ஒரு தாளுக்கும் நன்றி. மண்டையில் இடுக்கியோடு தம்பி படுத்திருந்ததைப் பார்த்த சித்தப்பா, "கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிடலாம்மா, புத்தூர்ல கட்டுப் போட்டா எழுந்திருப்பான்" என்றார். சித்தப்பாவின் கை முறிந்தபோது புத்தூர்க் கட்டில்தான் சேர்ந்தது. அவர் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழுத்து கை அல்ல. அதற்குள் ஓடுவது தண்டுவடம். சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைத் திருகுவது, எண்ணெய் போட்டு உருவுவது, முடி வெட்டிய பிறகு சொடக்கு எடுப்பது, இவையெல்லாம் விழுந்தவன் கழுத்தில் நடந்தால் நடக்கப்போவது என்ன என்று அந்த ஐந்து எலும்புப் படத்தைப் பார்த்தவளுக்குத் தெரியும். சித்தப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் வாதாடவில்லை, உன்னைத் திறந்து முதல் நாள் கட்டங்களையும் மூன்றாம் நாள் கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது கால் கட்டைவிரல், பூஜ்யத்திலிருந்து 1. அசைவு இல்லை, தசையில் ஒரு துடிப்பு. சித்தப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். 'சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்ற படிவம் உன் பின்னால் காலியாகவே இருக்கிறது. அதையும் பிரதி எடுத்தேன்.

கேஸ் ஷீட்டே, திருப்பிப் படுக்க வைக்கும் அட்டவணையைச் சொல்ல வேண்டாமா! இடது, மல்லாக்க, வலது. இடது, மல்லாக்க, வலது. இரண்டு மணிக்கொரு தரம், எதிரே சிஸ்டர்களின் இனிஷியல். பகலில் நீல மை, ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் கறுப்பு மை. ஒரு கட்டம் கூட விடவில்லை. உணர்வில்லாத முதுகுக்கு வலி என்று சொல்லத் தெரியாது. அசையாமல் கிடந்தால் தோல் அழுகும், புண் எலும்பு வரை போகும். முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் செத்தது காயத்தால் அல்ல, படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர், இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப வேண்டும் என்று கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். திருப்புகிறார்களா என்று ராத்திரியில் தானே வார்டுக்கு வந்து பார்ப்பாராம். எங்கள் வார்டில் குட்மன் வரவில்லை. நாலு மணிக் கட்டத்தில் இனிஷியல் இருந்தது. தம்பியின் முதுகில் இன்றைக்கும் ஒரு தழும்பு கிடையாது.

கேஸ் ஷீட்டே, உன் கடைசிப் பக்கத்தில் 'மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி இருந்திராவிட்டால், தையல் பிரித்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் போட்டிருப்போம். நம் ஊர்களில் பாதிப் பேருக்கு அதுதான் நடக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகுதான் விசாரித்தேன். நான் வசிக்கும் திருவண்ணாமலையிலேயே ப்ரீத்தி சீனிவாசன் இருக்கிறார் என்று தெரிந்தது. 19 வயதுக்குட்பட்டோர் தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர், நீச்சல் வீராங்கனை. 1998இல், 18 வயதில், புதுச்சேரிக் கடலில் கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. 2013இல் இங்கே சோல்ஃப்ரீ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார், தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக. ஆய்க்குடி ராமகிருஷ்ணனைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். என்ஜினீயரிங் மாணவர், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்து போனது. தனக்கு வைத்தியம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்து 1981இல் அமர் சேவா சங்கம் ஆரம்பித்தார். டாக்டருக்கு நன்றி சொல்ல அவருக்கு ஒரு ஊரளவு இடம் வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் கடுதாசி போதும். வடக்கே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் வந்தது அவரால்தான். இவர்களில் யாரும் எழுந்து நடந்துவிட்டதால் பெயர் எடுத்தவர்கள் இல்லை. தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அவங்கல்லாம் யூரினுக்கு என்ன பண்றாங்க?" மறுவாழ்வு மையத்தில் முதலில் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான்.

கேஸ் ஷீட்டே, உன் பிள்ளையான டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தடவை எங்களைக் காப்பாற்றியது. வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம் தம்பிக்கு மண்டை பிளக்கிற தலைவலி. முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை கொட்டுகிறது. காலோ ஜில்லென்று இருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கிலிருந்து வந்தவர் பிரஷர் பார்த்து, 190 என்று சொல்லி மாத்திரையைத் தேடினார். நான் மஞ்சப்பையைத் தேடினேன். ஏழாவது குறிப்பு: 'திடீர்த் தலைவலியும் வேர்வையும் வந்தால் உடனே உட்கார வைக்கவும், இறுக்கமான துணியைத் தளர்த்தவும், முதலில் சிறுநீர்க் குழாயைப் பார்க்கவும்.' தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தினேன். பை நிறைந்தது; கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கியது. மூத்திரப்பை நிறைந்து தவிக்கிற சேதி மூளைக்குப் போக வழியில்லாமல், காயத்துக்குக் கீழே உடம்பு தன் போக்கில் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. முதுகெலும்பின் மார்புப் பகுதியில் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கெல்லாம் இந்த ஆபத்து உண்டாம். வந்தவரும் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, தனக்கு ஒரு பிரதி கேட்டார்.

கேஸ் ஷீட்டே, உன்னைக் கையில் வாங்கிய கதையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டைக்கு மெடிக்கல் போர்டில் பழைய காகிதம் கேட்டார்கள். ரெக்கார்டு பிரிவில் இருந்தவர் கேஸ் ஷீட்டெல்லாம் வெளியே தரமாட்டோம் என்றார். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளில் தெளிவாக இருக்கிறது: உள்நோயாளியின் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பிரதி கொடுக்க வேண்டும். மனு எழுதுவது என் தெருவின் தொழில். எழுதி, விதி எண் போட்டு, தம்பியின் கைநாட்டையும் வைத்துக் கொடுத்தேன். அப்போது அவனால் பேனா பிடிக்க முடியாது. அவர் மறுநாளே உன்னைக் கொடுத்தார், பிரதி எடுத்துத் திருப்பிக் கொடு என்று ஒரு ஆளையும் கூடவே அனுப்பினார். கோபக்காரர் இல்லை, விதி மறந்தவர். போர்டில் உன்னைப் புரட்டிப் பார்த்த டாக்டருக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. 22, வீட்டுக்கு அனுப்பியபோது 41, ஒரு வருடம் கழித்து 68. மதிப்பெண் ஏறினால் ஊனச் சதவீதம் இறங்கும். உதவித்தொகை கேட்டுப் போன இடத்தில் நாங்கள் சதவீதம் குறைந்ததற்குச் சந்தோஷப்பட்டதை அந்த டாக்டர் விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. தம்பி வீட்டுக்குள் வாக்கரில் நடக்கிறான், வெளியே சக்கர நாற்காலி. விரல்கள் முழுசாக மடங்காது. என் கடையில் கலர் மெஷின் அவன் பொறுப்பு. பொத்தானை முஷ்டியின் ஓரத்தால் அமுக்குவான். மரத்தடிப் பக்கம் மட்டும் போகமாட்டான், புளிக்குழம்பு மட்டும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவான்.

கேஸ் ஷீட்டே, உன்னால் என் கடையில் ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. போன வாரம் கலசபாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேரன் கிணற்றில் தலைகீழாகக் குதித்தானாம், தண்ணீர் வற்றியிருந்தது தெரியாமல். கையில் எக்ஸ்ரே உறை மட்டும் வைத்திருந்தார், அதன் மேலேயே யாரோ நாலு வரி எழுதியிருந்தார்கள். ஏ.ஆர். காப்பி எங்கே என்றேன், அது எதுக்கு என்றார். உட்கார வைத்து டீ சொல்லி, என்னென்ன காகிதம், எந்த ஜன்னல், யாரைக் கேட்பது என்று சொன்னேன். தம்பி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, "பேரனுக்குப் பின்னாடி ஊசி வெச்சுப் பார்த்தாங்களா, தெரியுதுன்னு சொன்னானா, அது எழுதியிருக்கான்னு பாருங்க தாத்தா" என்றான். பெரியவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பதிவேட்டுப் பிரதி கேட்கும் மனுவை நானே எழுதி, 72 மணி நேரத்தையும் குறிப்பிட்டு, மூன்று பிரதி போட்டுக் கொடுத்தேன். மனு எழுதியதற்குக் காசு வாங்கவில்லை. ஜெராக்ஸுக்கு வாங்கினேன், பேப்பர் விலை ஏறிவிட்டது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை அக்கா